மலை தெரிகிறது என்றேன்

ஈப்போ பந்தயத் திடலில் ஆகாய விமானம் இறங்கப்போகிறது, எங்கள் தோட்டத்தின் மேல்தான் பறந்து போகும் என்று கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அது வருவதும் வராததும் என் மாமாவின் வாயில் இருந்தது. அவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. காலையில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்து டெலிபோனில் சொல்லும் வேலையைத் துரை அவரிடம் கொடுத்திருந்தார். ரப்பர் புகைக்கூடம் அரை மைல். ஈயச் சுரங்கத்து மரச்சாரம் ஒன்றரை மைல். சுண்ணாம்பு மலை நான்கு மைல். மலை தெரிந்தால்தான் விமானம் பினாங்கிலிருந்து கிளம்பும்.

மாமாவுக்குப் பார்வை மங்கிவருவது எனக்கு மட்டும் தெரிந்த இரகசியம். அதனால் விமானம் வரவேண்டிய காலையில் தண்ணீர்த் தொட்டிமேல் என்னையும் ஏற்றிக்கொண்டார். கீழே கூலி லயத்துச் சனமெல்லாம் தீபாவளித் துணியில் நின்றது.

எங்கும் பனி. புகைக்கூடம் தெரிந்தது. மரச்சாரம் நிழல்போலத் தெரிந்தது. மலை இல்லை.

“மலை தெரியுதா மாப்பிள்ளை?”

“தெரியுது மாமா.”

“நல்லா பாரு லா. ஒருத்தன் உசுரு.”

“எனக்குத் தெரியுது. உங்களுக்குத்தான் கண்ணு போச்சே.”

வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன். மாமா கீழே நின்றவர்களைப் பார்த்தார். பிறகு இறங்கிப்போய், டெலிபோனில் நான்கு மைல் என்றார்.

ஒரு மணி நேரமாகியும் பனி விலகவில்லை. முதலில் சத்தம் வந்தது. தொட்டியின் தகரம் என் காலடியில் அதிர்ந்தது. திடீரென்று பனியைக் கிழித்துக்கொண்டு, மர உச்சிகளை உரசுவதுபோல, அது வந்தேவிட்டது! சக்கரத்தில் ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிந்தது. நான் கத்திக்கொண்டே குதித்தேன். கிளைகள் முறியும் ஓசை கேட்ட பிறகும் குதித்துக்கொண்டிருந்தேன்.

விமானி பிழைத்தார். ஒரு காலை எடுத்துவிட்டார்கள்.

யார் பார்த்தது என்று துரை கேட்டார்.

“நான்தான் பார்த்தேன் தொரை,” என்றார் மாமா.

அடுத்த வாரம் அவர் களை வெட்டப் போனார். நானோ, விமானத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவன் நான்தான் என்று பள்ளிக்கூடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். மாமா கடைசிவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இப்போது என் கண்ணிலும் புரை. போன வாரம் கல்யாண வீட்டில் பேத்தி ஒரு படத்தை நீட்டி, “தெரியுதா தாத்தா?” என்றாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

தெரியுது என்றேன்.