வரேன் என்ற சொல்

தார்வாடில் ஆடி மாதத் தூறல் ஒருமுறை பிடித்தால் விடுவதே இல்லை. மத்தியான மாத்திரை கொடுத்த பிறகு எங்கள் மனநல ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டும் அந்தத் தூறலோடு சேர்ந்து மிதக்க ஆரம்பித்துவிடும். இருபத்திரண்டு கட்டில்கள், இருபத்திரண்டு மூச்சு. நடுவில் செருப்பில்லாமல் நடந்துபோகிற நீலவ்வாவைப் பார்த்தால் அவளும் யாருடைய கனவிலோ நடக்கிறாள் என்று தோன்றும். நான் அங்கே நர்ஸ். அவள் ஆயா, முப்பத்தோரு வருஷமாக.

அவள் வாயைத் திறந்தால்தான் கனவு கலையும். குணமாகி வீட்டுக்குக் கிளம்புகிற பெண் பழக்கதோஷத்தில் "வரேன் அக்கா" என்று சொல்லிவிட்டால் போதும்.

"வருவியா? வாயிலயே சூடு வெப்பேன்! இங்கிருந்து கிளம்புறவ போறேன்னுதான்டி சொல்லணும். எங்க, சொல்லு!"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே "போறேன்" என்ற பிறகுதான் நீலவ்வா கதவைத் திறப்பாள்.

இந்தப் பிடிவாதம் துங்கவ்வாவால் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் அவளைச் சேர்த்துவிட்டு, "வரேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். அவள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள், சாப்பிட மறுத்தாள். நீலவ்வா மட்டும் அவள் காதருகே குனிந்து, "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வரேன்" என்பாள், ஏழுக்கு வந்து நிற்பாள். லீவு என்றால், "ரெண்டு நாள் வரமாட்டேன், மூணாம் நாள் வரேன்" என்று கணக்காகச் சொல்வாள். அந்த நம்பிக்கையில்தான் துங்கவ்வாவின் தொண்டையில் சோறு இறங்கியது. ஒருமுறை நீலவ்வா காய்ச்சலில் படுத்துவிட்டாள். துங்கவ்வா இரண்டு நாள் பட்டினி. மூக்கில் குழாய் போடலாம் என்று டாக்டர் சொன்ன நேரத்தில், நீலவ்வா கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

வருஷா வருஷம் சிகிச்சையின் தரத்தைப் பார்க்க ஒரு குழு வரும். படுக்கை விரிப்பு, மின்விசிறி, குடிநீர், எல்லாவற்றுக்கும் படிவத்தில் ஒரு கட்டம் வைத்திருப்பார்கள். சொன்ன நேரத்துக்கு ஒருத்தி வந்து நிற்பதற்கு ஒரு கட்டம் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஆடியில் நீலவ்வா ஓய்வு பெற்றாள். சால்வை, பேடா, கைதட்டல். மறுநாள் சனிக்கிழமை ரயிலில் புனேயில் இருக்கிற மகனிடம் போவதாக ஏற்பாடு. துங்கவ்வா மறுபடி பட்டினி கிடப்பாளே என்று நீலவ்வாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அக்கா, சும்மாவாவது வரேன்னு சொல்லிட்டுப் போங்க. ரெண்டு வாய் சாப்பிடுவா."

"அவ அண்ணன் பண்ணினதையே நானும் பண்ணணுமா சிஸ்டரம்மா?" என்று முறைத்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மத்தியானம் மற்ற எல்லோரும் உறக்கத்தில் இருந்தார்கள். ஜன்னலோரம் தூறலின் வெளிச்சம் பாலாடைபோல் படர்ந்திருந்தது. நீலவ்வா அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, துங்கவ்வாவின் தலையைக் கோதி, மெதுவாகச் சொன்னாள்.

"துங்கா, நான் போறேன்."

துங்கவ்வா ஜன்னலிலிருந்து திரும்பினாள். நீலவ்வாவை மேலும் கீழும் பார்த்தாள். கதவருகே நடந்ததையெல்லாம் ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"உனக்குக் குணமாயிடுச்சா?" என்று கேட்டாள்.

நீலவ்வாவின் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நீலவ்வா மறுபடி அவள் தலையைக் கோதினாள்.

"இன்னும் இல்லடி. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரேன்."

அன்று சாயங்காலமே மகனுக்குப் போன் போட்டு, டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை, சோள ரொட்டி மூட்டையோடு பார்வையாளர் வரிசையில் நின்றாள். புதுக் காவலாளிக்கு அவளைத் தெரியாது. நோட்டைப் பிரித்து, "நோயாளிக்கு நீங்க என்ன உறவும்மா?" என்றான்.

"நானும் நோயாளிதான்னு எழுதுப்பா. பதினோரு மணி ஆகுது, கதவைத் தொற."