டம்ளர் விளிம்பில் ஒரு திருடன்

சலாஹுதீன் ஷார்ஜாவில் அத்தர் புட்டிகளுக்கு மூடி செய்யும் பட்டறையில் அச்சு வெட்டிக்கொண்டிருந்தவர். பாதி ஆயுள் மூடிகளிலேயே கழிந்தது. பட்டறையை மூடிவிட்டதால் பட்டுக்கோட்டைக்குத் திரும்பினார். ஷார்ஜாவிலேயே இருக்கும் மச்சான் ஜாஃபர் சாதிக் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார்.

"வேற பட்டறையில விசா ரெடியா இருக்கு மச்சான். நீங்க வந்து உக்காந்தா போதும்."

சலாஹுதீனுக்கு மறுபடி போய் உட்காருவதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. ஊரோடு இருக்க ஒரு தொழில் வேண்டும். நோன்பு பிறப்பதற்குள் அது அமையாவிட்டால் விமானம் ஏறுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவர் மனைவி தஹ்மீனா, பல் டாக்டர் வீட்டு வாசலில் இருந்த மணி பிளாண்டில் கணுவோடு ஒரு துண்டைக் கிள்ளி, கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள்.

"கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. குடுத்தது வேர் விடாதுங்க. திருடுனாத்தான் வரும்."

அவர்கள் தெருவில் மதவேறுபாடின்றி எல்லாருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. எதிர்வீட்டு அகிலாண்டம் இவர்கள் வாசலில் ஏற்கெனவே இருந்த கொடியைக் கிள்ள வருவது தெரிந்தால், தஹ்மீனா அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விடுவாள். பார்த்துவிட்டால் அது கொடுத்ததாகிவிடும். கொடுக்கவும் வேண்டும், கொடுத்ததாகவும் ஆகக்கூடாது. இதற்காக இவ்வளவு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர்களை நினைத்து சலாஹுதீன் சிரித்தார். ஊருக்கு வந்தபின் அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்றே எம்-சீல் ஒட்டுப்பசையை உருட்டி ஒரு திருடனைச் செய்ய ஆரம்பித்தார். மீசை வைத்த குட்டித் திருடன். கண்ணாடி டம்ளரின் விளிம்பில், காம்பவுண்டுச் சுவர் ஏறுகிறவனைப்போல ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் போட்டு உட்கார்ந்திருப்பான். தோளில் மூட்டை. மூட்டைக்கு அடி கிடையாது. அதன் வழியாகக் கொடித்துண்டைச் செருகினால் தண்டு தண்ணீரைத் தொடும், வேர் இறங்குவது வெளியே தெரியும்.

வரைந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. செய்து மாட்டினால் இலையின் கனத்தில் திருடன் தண்ணீருக்குள் குப்புற விழுந்தான். திருடனின் வெளிக்காலை நீளமாக்கினார். அப்போதும் விழுந்தான். கடைசியில் அந்தக் காலுக்குள் சைக்கிள் பால்ரஸ் குண்டுகளை வைத்து மூடினார். திருடன் நிலைத்தான். பிறகு ரப்பரில் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி, வர்ணம் பூசினார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் அன்பளிப்புச் சாமான் கடை வைத்திருக்கும் வைத்தியலிங்கத்திடம் அதைக் கொண்டுபோனார். தை மாத வியாபாரத்துக்கு அவர் புதுச்சரக்கு தேடிக்கொண்டிருந்தார். திருடனைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். கடையில் வேலை பார்க்கும் அம்சமும் எட்டிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கு சார்."

"மீசையா?"

"முழி."

சலாஹுதீனுக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் வைத்தியலிங்கம் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்.

"பாய், எங்கிட்ட வர்றவங்க கிரகப்பிரவேசத்துக்கு வாங்குறவங்க. பால் காய்ச்சுற அன்னைக்குப் புது வீட்டுக்குள்ள ஒரு திருடனக் கொண்டாந்து விடுவாங்களா?"

"விளையாட்டுக்குத்தானேண்ணே."

"விளையாட்டுன்னு எனக்குத் தெரியுது. மாமியாருக்குத் தெரியணுமே."

சலாஹுதீன் பொம்மையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விளிம்பின் கனத்தையும் தண்டின் பருமனையும் அளந்தவர் இதை அளக்கவில்லை. திருடிய செடியை வீட்டுக்குள் வளர்ப்பவர்கள்கூடத் திருடனை வாசல்படி ஏற்றமாட்டார்கள்.

"ஒண்ணு பண்ணுங்க பாய். கண்ணனா மாத்திடுங்க. அவரும் வெண்ணெய் திருடுனவருதான். அந்தத் திருட்டுக்கு யாருக்கும் கோவம் வராது."

"கும்பிடுற உருவம்ணே அது. முதுகுல ஓட்டை போட்டு டம்ளர்ல மாட்டி வுட்டா நல்லாருக்குமா? உங்க வீட்டுல வைப்பீங்களா?"

"மாட்டேன்தான்" என்றார் வைத்தியலிங்கம். பிறகு, "அப்ப அணில் பண்ணிக் கொண்டாங்க."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் தஹ்மீனா கேட்டாள். "அணிலு என்னத்தங்க திருடுது?"

"நம்ம கொய்யாவத் திருடலையா?"

"அது திருட்டு இல்ல. அதுக்குப் பசி."

அவள் சொன்னது சரிதான். திருட்டு என்பது போனதும் அந்தப் பொருளின் சிரிப்பும் போயிற்று. மிச்சம் இருந்தது கொடியைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கொக்கிதான். ஆனாலும் செய்தார். அணிலுக்கு வால் வெளியே தொங்கியது. அந்தக் கனத்திலேயே அது முதல் தடவையே நிலைத்து நின்றது, குண்டுகள் தேவைப்படவில்லை. அது அவரைச் சந்தோஷப்படுத்தவில்லை. திருடனுக்காகப் பட்ட பாடெல்லாம் யாரும் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் என்று தோன்றியது.

வைத்தியலிங்கம் அணிலைக் கையில் எடுத்ததும் ஒப்புக்கொண்டார். "தை முழுக்க வேணும் பாய். அதுக்கப்புறமும் செய்யச் செய்யக் குடுத்துக்கிட்டே இருங்க."

நோன்புக்கு முன்பாகவே ஜாஃபர் சாதிக்குக்கு சலாஹுதீன் தானாகப் போன் செய்தார்.

"நான் வரல மச்சான். இங்கேயே வேலை அமைஞ்சிடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ். என்ன வேலை?"

"அணில் செய்றேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "அணிலா? மூடி செய்றதுக்கு அது தேவலையா மச்சான்?"

சலாஹுதீன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. ஆனா சாயங்காலம் வேலை முடிஞ்சா வீட்டுல இருக்கேன்."

போனை வைத்துவிட்டு, அச்சில் இறுகிக் கிடந்த அடுத்த அணிலை உரித்தெடுக்கப் போனார்.