பக்கத்து வீட்டுக்காரர் எழுதாத கடிதம்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு முடிகிறது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முதலில் அண்ணனின் படத்தைப் பார்ப்பீர்கள். பிறகு தங்கை என்ன எழுதியிருக்கிறாள் என்று புரட்டுவீர்கள். அண்ணனைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு எவ்வளவோ இருக்கிறது. அவருக்கு நான் செய்த ஒரு துரோகமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் எழுதியது அத்தனையும் பொய்யாகிவிடும். மதினியிடம் சொல்லி அழுது, அவர் சம்மதம் பெற்ற பிறகே எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் பிறந்தது கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்துக் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு நான்கு. அந்த வயதில் இன்னொரு எழுத்தைப் படிக்க அவருக்கு மனம் ஒட்டவில்லை. வங்காளத்தைக் காதால் கற்றுக்கொண்டார். கரியாஹாட் சந்தையில் மீன்காரரோடு சண்டை போடும் அளவுக்குப் பேசுவார். ஆனால் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. என்னை எங்கே சேர்ப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, "இவளையாவது வங்காளப் பள்ளிக்கூடத்துல போடுங்கப்பா. வீட்டுக்கு ஒரு தாள் வந்தா வாசிக்க ஆள் வேணும்லா?" என்று அப்பாவிடம் சொன்னவர் அண்ணன்தான். என் பையைத் தான் சுமந்துகொண்டு என்னைப் பள்ளி வாசல் வரை கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். அந்தப் படிப்பை வைத்துத்தான் நான் பின்னாளில் வங்காளப் பள்ளி ஆசிரியை ஆனேன்.

அண்ணனுக்கு இருபது வயதாகும்போது அப்பா போய்விட்டார். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்து அம்மாவைக் காப்பாற்றினார், என்னைப் படிக்க வைத்தார். மதினியை மணந்த பிறகும் எனக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை. நான் திருமணம் வேண்டாம் என்றபோது ஊரே பேசியது, அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் அப்பா வாங்கியிருந்த பழைய வீட்டில் மாடியை எனக்கு ஒதுக்கிவிட்டு, அவரும் மதினியும் கீழே இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஓய்வு பெற்ற மறு வாரமே அண்ணன் கொல்லையில் இறங்கிவிட்டார். கொல்லை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான்கு கட்டில்களைச் சேர்த்துப் போட்டால் நிறைந்துவிடும். அதற்குள் புடலைப் பந்தல், கத்தரி, வெண்டை, குளிர்காலத்தில் காலிஃபிளவர், சுவரோரம் பசலைக் கொடி. கோடைப்புயல் அடித்துப் பந்தல் சரியும் ஒவ்வொரு முறையும் "இதோட விட்டேன்" என்பார். மறுநாள் காலையில் மூங்கிலும் கயிறுமாக நிற்பார். பந்தலுக்குக் கீழே கோழிகள். ரயிலில் காய்கறி கொண்டுவந்து நிலையத்து வாசலில் விற்கும் ஓர் அம்மாளிடம் நாட்டுக் கோழி இரண்டு வாங்கி ஆரம்பித்தது, பதினொன்று ஆனது. காலையில் குருணை போட்டு, கூட்டை அவரே கழுவி, கோழி எச்சத்தை மண்ணோடு புரட்டிக் காய்ந்த பிறகு செடிக்குப் போடுவார். அடைக்கு வைத்த முட்டைகளை டார்ச் விளக்குக்கு எதிரே பிடித்து, கரு இருக்கிறதா என்று பார்க்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். கோழிகளிடம் காட்டிய பொறுமையில் பாதியை மனிதர்களிடம் காட்டியிருந்தால் அலுவலகத்தில் அவருக்கு இரண்டு பதவி உயர்வு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று மதினி கேலி செய்வார். மூக்கின் மேல் கோபம் அவருக்கு. ஒருவரைப் பற்றி ஒன்று நினைத்துவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளவே மாட்டார்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிஸ்வாஸ்தா வீடு. வங்காளத்தில் 'தாதா' என்றால் அண்ணன், பெயரோடு சேரும்போது வெறும் 'தா'. பிஸ்வாஸ்தா எங்கள் அண்ணனைவிடச் சில வயது இளையவர், அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர். இடுப்பளவு சுவர்தான் என்பதால் இரண்டு பேரும் அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார்கள். அங்கிருந்து மிளகாய் நாற்று வரும், இங்கிருந்து முட்டை போகும். அவர் மனைவி நோயில் கிடந்த காலத்தில் தினமும் ஒரு முட்டை, வீட்டில் எங்களுக்கு இல்லாவிட்டாலும், சுவரைத் தாண்டிப் போனது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

துர்கா பூஜை முடிந்து பிஜோயாவுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் இனிப்போடு போவது இங்கே வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிஜோயாவுக்கு என் பள்ளி ஆசிரியைகள் நான்கு பேர் என் மாடிக்கு வந்தார்கள். நான் தலைமை ஆசிரியையாகும் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். புது விரிப்பு விரித்து, நல்ல கோப்பைகளில் தேநீர் கொடுத்தேன். அவர்கள் பின்னாலேயே படியேறி வந்த ஒரு பெட்டைக்கோழி கட்டிலில் ஏறி, அந்த விரிப்பின் நடுவில் எச்சமிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் ஆசிரியர் அறையில் என் வீட்டுக்கு 'முர்கி பாடி' என்று பெயர் விழுந்திருந்தது. கோழி வீடு என்று அர்த்தம். ஒரு வாரம் அந்தப் பெயரை என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணனிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே படிக்கட்டுக்கு ஒரு கதவு போட்டிருப்பார். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், உங்களால் எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றல்லவா அதற்குப் பொருள்? என்னை ஆளாக்கியவரிடம் அதைச் சொல்லக் கூசியவள், அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். வார்டு அலுவலகத்துக்கு வங்காளத்தில் ஒரு புகார் எழுதினேன். கோழிகளால் நாற்றம், கொசு, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று இல்லாததையெல்லாம் எழுதினேன். கீழே பெயர் போடாமல் 'தெருவாசி ஒருவர்' என்று முடித்தேன்.

பத்து நாளில் வார்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து கொல்லையைப் பார்த்தார். கோழிகளை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு, புகாரின் நகலையும் அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசி."

நான் எழுதியதை நானே அவருக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். இடையில் ஒரு வரியை விட்டுவிட்டுத் திரும்ப வாசித்தேன். எனக்கும் கோபம் வந்துவிட்டது என்று நினைத்து, "நீ ஏம்ட்டி பதறுத?" என்று என் தோளைத் தட்டினார். பிறகு தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேரு போட்டிருக்கானா?"

"இல்லண்ணே."

"பேரு எதுக்கு? கொல்லைக்குள்ள நடக்கது தெருவுல போறவனுக்கா தெரியும்? நம்ம ஆளுக எவன் இப்படி வங்காளத்துல எழுதுவான்? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கவன்தான். என் கையால குடுத்த முட்டைய தின்னுட்டு…"

வீட்டுக்கு வரும் தாளை வாசிக்க என்று அவர் படிக்க வைத்தவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். என் மேல் அவருக்குத் துளி சந்தேகம் வரவில்லை. "இல்லண்ணே, அவரா இருக்காது" என்று மட்டும் முனகினேன். "நீ சும்மா இரு, ஒனக்கு எல்லாரும் நல்லவந்தான்" என்றார்.

மூன்றாம் நாள், முதலில் கோழி விற்ற அதே அம்மாளிடம் பதினொரு கோழிகளையும் சும்மா கொடுத்துவிட்டார். கால்களைக் கட்டிக் கூடையில் வைத்தபோது ஒவ்வொன்றின் முதுகையும் தடவினார். அடுத்த வாரம் கொத்தனாரை வரவழைத்துச் சுவரை ஆள் உயரத்துக்கு எழுப்பினார். பிஸ்வாஸ்தா இரண்டு முறை வாசலில் வந்து, "தாதா, என்ன ஆச்சு?" என்று கேட்டார். அண்ணன் கதவைத் திறக்கவில்லை. தோட்டம் ஓராண்டு இருந்தது. சுவரால் வெயில் குறைந்து, எருவும் இல்லாமல் பந்தல் வெறும் மூங்கிலாக நின்றது. அண்ணன் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன் உட்கார ஆரம்பித்தார். நான் தலைமை ஆசிரியை ஆனேன். கோழி இருந்திருந்தாலும் ஆகியிருப்பேன் என்பது பிறகு தெரிந்தது. பணிமூப்புப் பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையதுதான்.

அந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன உங்களில் பலருக்கும் அண்ணன் இந்தக் கதையைச் சொல்லியிருப்பார். அதைக் கேட்ட சிலர், பிஸ்வாஸ்தா தெருவில் கைகூப்பியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்ததை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

கடந்த ஆண்டு ஒரு காலையில் அண்ணன் குளியலறையில் விழுந்தார். நான் சந்தைக்குப் போயிருந்தேன். மதினி அலறியதைக் கேட்டு, தெருவைச் சுற்றி ஓடிவந்தவர் பிஸ்வாஸ்தா. தெருக்காரர்களைக் கூப்பிட்டு, அண்ணனைத் தூக்கி, காரில் தன் மடியில் தலையை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பக்கவாதம் என்றார்கள். அண்ணனுக்குப் பேச்சு போய்விட்டது. நினைவு நன்றாகவே இருந்தது. நான்காம் நாள் பிஸ்வாஸ்தா பார்க்க வந்தார். அண்ணன் அவரைப் பார்த்தார், பிறகு மெல்ல, மிகுந்த சிரமப்பட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிஸ்வாஸ்தா கொண்டுவந்த சாத்துக்குடிப் பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்போது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அண்ணனின் காது கேட்டது. "அண்ணே, அது நான்தான்" என்று சொல்ல மூன்று சொற்கள் போதும். உடம்பு இன்னும் கொஞ்சம் தேறட்டும், அதிர்ச்சி கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது அவருக்காக அல்ல. கடைசி வரைக்கும் நல்ல தங்கையாகவே அவர் கண்ணில் இருக்க வேண்டும் என்ற ஆசைதான். ஒன்பதாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

இந்த மலருக்கு நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கியபோது முதல் பெயராகப் பிஸ்வாஸ்தாவைத்தான் எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வங்காளத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

அவர் கோபப்படவில்லை. எப்போதும் போல மரியாதைக்கு அக்கா என்று அழைத்தே கேட்டார்: "தாதாவுக்குத் தெரியுமா, தீதி?"

"தெரியாது. சொல்லாமலே விட்டுட்டேன்."

"அப்போ தாதா நான்தான்னு நினைச்சுக்கிட்டே போயிட்டார்."

"ஆமா."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து நான் யோசிச்சேன், நான் என்ன தப்பு செஞ்சேன்னு. ஒரு வருஷமா யோசிக்கிறேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. "புத்தகம் போடுறீங்களாமே. அதுல எழுதுங்க. உங்க பாஷையிலயே எழுதுங்க. உங்க ஆட்கள் வாசிக்கட்டும்" என்றார்.

ஆகவே எழுதிவிட்டேன். அண்ணனின் கடைசி நாட்களில் உதவிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த தெருக்காரர்களுக்கும், ஊரிலிருந்து ரயிலேறி ஓடிவந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிஸ்வாஸ்தாவுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை, மதினி சொல்லிக்கொள்கிறார். அண்ணன் அவரைத் தவறாக நினைத்தபடியே போய்விட்டார், அதை இனி யாராலும் மாற்ற முடியாது. நீங்களாவது அப்படி நினைக்காதீர்கள். அந்தக் கடிதத்தை எழுதியவள் நான்.