ஐம்பது நிமிடப் பயணம்

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அப்போது தொலைபேசி இல்லை. ஒருநாள் காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டுத் தொலைபேசியில் திருச்சியிலிருந்து அண்ணன் பேசினான். "அப்பாவுக்கு ரொம்ப முடியல, கீதா. ஆஸ்பத்திரியில உன்னையே கேட்டுக்கிட்டிருக்கார். உடனே கிளம்பு."

"தாம்பரத்துல எட்டரைக்கு பஸ் இருக்கு, வா" என்றார் கணவர். பொறியியல் படித்த நான் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். பேருந்துக்கு ஏழு மணி நேரம், விமானத்துக்கு ஐம்பது நிமிடம்.

"ரெண்டு மணிக்கு ஃப்ளைட். மூணுக்கு அங்க இறங்கிடுவேன்."

"உன் கணக்கை யாரு ஜெயிக்கிறது!" என்று விட்டுவிட்டார்.

மீனம்பாக்கத்தில் முதலில் அரை மணி தாமதம் என்றார்கள். பிறகு இன்னும் ஒரு மணி என்றார்கள். இப்படியே ஐந்து மணிக்குத்தான் விமானம் கிளம்பியது. பறந்தது சரியாக ஐம்பது நிமிடம்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி ஆறரை. நான் விமானத்தில் இருந்தபோதே, ஐந்தரைக்கு, அப்பா போய்விட்டிருந்தார். "கடைசி வரைக்கும் கதவையே பார்த்துக்கிட்டிருந்தார்" என்றான் அண்ணன். அந்த எட்டரை மணி பேருந்து நாலு மணிக்கெல்லாம் திருச்சிக்கு வந்திருந்தது.

இப்போதெல்லாம் பயண நேரத்தை என் வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை, காத்திருப்பதையும் சேர்த்து எழுதுகிறேன். அவசரம் என்றால் எழுதுவதே இல்லை, முதலில் கிடைக்கும் வண்டியில் ஏறிவிடுகிறேன். எந்த வண்டியில் போனாலும் அந்தக் கதவைப் பார்த்தபடி அப்பா இருக்கப் போவதில்லை.

— ஒரு வாசகி, செம்பாக்கம்