கால் பக்கத்து வெளிச்சம்

கதவுக்காரர் என்று கேட்டால்தான் அவரைக் காட்டுவார்கள். பழைய காரில் எத்தனையோ வேலை இருக்க, அவர் தொடுவது கதவை மட்டும். தொங்கிப்போய், தூக்கிப் பிடித்து அறைந்தால்தான் சாத்த முடியும் என்றிருந்த கதவு, அவர் கை பட்டபின் ஒரு விரலுக்கு அடங்கிச் சாத்திக்கொள்ளும். அந்தத் திமிர் அவருக்குக் கொஞ்சம் உண்டு. யாராவது இன்ஜினைப் பற்றிப் பேச வந்தால், "அது கதவுல இருக்கிற சாமானா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

அவருக்குக் கூட்டு அவர் மனைவிதான். கதவை மாட்டியதும் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டி, அந்த அம்மாள் இருட்டுக்குள் உட்கார்ந்துகொள்வார். இவர் வெளியே கதவின் ஓரமாக டார்ச் அடித்துக்கொண்டு வருவார். எங்கே வெளிச்சம் கசிகிறது என்று அந்த அம்மாள் உள்ளிருந்து சொல்வார்; அங்கே கதவு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். இருவரும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் இந்தப் பேச்சு மட்டும் நிற்காது.

அன்று வந்தது ஒரு வக்கீலின் கார். சாயங்காலம் குடும்பத்தோடு மலைப்பாதையில் போக வேண்டுமாம். கீலை மாற்றியும் இரண்டு கதவும் தொங்கின. குனிந்தால் இடுப்பு விடாது என்பதால், வண்டியின் வயிற்றுக்கு அடியில் பலகை கொடுத்து ஜாக்கியால் தூக்கினார். என்ன மாயமோ, கதவுகள் சொன்ன பேச்சைக் கேட்டன. எல்லாம் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டார்.

"மேல வெளிச்சம் வருதா?"

"இல்லீங்க. கால்கிட்ட தெரியுது."

"கால்கிட்ட ஏது கதவு? கதவைப் பாத்துச் சொல்லு."

"கதவு இல்லங்க, விரிப்புக்கு அடியில..."

"கதவைப் பாத்துச் சொல்லுன்னேன்ல."

கதவுக்காரர் டார்ச்சை அணைத்தார். "அப்படியே இரு, கீழ இறக்கிட்டு ஒரு தடவை பாத்துருவோம்" என்று ஜாக்கியைத் தளர்த்தினார்.

மடக்கென்று ஒரு சத்தம். வண்டி நடுவில் தொய்ந்து உட்கார்ந்தது. கைப்பிடியை இழுத்தார். கதவு அசையவில்லை. அந்தப் பக்கம் ஓடினார். அதுவும் அப்படியே. கூப்பிட்டுக்கொண்டே கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடியை உடைக்கலாம் என்பதுகூடத் தோன்றவில்லை. ஜாக்கியைப் பிடுங்கி, கதவுக்கு நேர் கீழே ஓரமாகக் கொடுத்துத் தூக்கினார். வண்டி எழவில்லை. ஜாக்கிதான் பொதுக்கென்று உள்ளே போனது. பெயர்ந்து விழுந்ததெல்லாம் ஓட்டையடைக்கும் பட்டி மாவும் சுருட்டிய பழைய செய்தித்தாளும். பளபளக்கும் பெயின்டுக்குப் பின்னால் இரும்பே இல்லை. வண்டியைத் தாங்க வேண்டிய இடத்தில் காகிதம். கதவைத் தொங்கவிட்டது கீல் அல்ல, வண்டியின் தொய்வுதான்; ஜாக்கி தூக்கிப் பிடித்ததால்தான் கதவுகள் சரியாக உட்கார்ந்திருக்கின்றன.

அப்போது உள்ளிருந்து மெல்லக் குரல் வந்தது. "என்னங்க, என் கால் தரையில நிக்குது."

வண்டியின் தரையில் அல்ல. பட்டறையின் தரையில். காலடித் தகடு கிழிந்து, பாதம் அப்படியே கீழே இறங்கியிருந்தது. இன்னும் ஒரு சாண் தொய்ந்திருந்தால் அந்தக் கால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அவரால் முடியவில்லை. பலகையைத் திரும்ப வயிற்றுக்கடியில் வைத்து, மெல்ல மெல்லத் தூக்கினார். கதவு ஒரு விரலுக்குத் திறந்தது.

வக்கீல் வரும்போது வண்டி ஜாக்கி மேலேயே நின்றது. வக்கீலின் மனைவி கைக்குழந்தையோடு பின்னால் நின்றாள். வக்கீல் கதவைச் சாத்திப் பார்த்தார், திறந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அடடா, வெண்ணெய் மாதிரி போகுதே. இறக்குங்க, கிளம்புறோம்."

கதவுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டு, விரிப்பை விலக்கினார். ஓட்டையில் ஒற்றைச் செருப்பு சிக்கிக் கிடந்தது.

"கதவை விடுங்க சார். கால்கிட்ட பாருங்க" என்றார். அவர் மனைவி ஒரு கால் செருப்போடு சுவரோரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.