பக்கத்துல டிரைபாட் வெச்சவன்

மொதல்லயே சொல்லிடறேன் சார், பேய், பிசாசு, காத்து, கருப்பு எதுலயும் எனக்கு நம்பிக்கை கெடையாது. தொழிலே போட்டோ எடுக்கறது. லென்ஸ்ல பட்ட வெளிச்சத்தையும் தூசியையும் ஆவின்னு சொல்லிக்கிட்டு வர்றவங்களை நானே கலாய்ச்சு அனுப்பியிருக்கேன். இப்ப நீங்க என்னைக் கலாய்ச்சாலும் பரவாயில்ல, நடந்தது நடந்ததுதான்.

மந்தைவெளியில ஸ்டுடியோ வெச்சிருக்கேன். வருஷம் பூரா ஊரார் கல்யாணத்தை எடுக்கறேன், எனக்குத்தான் ஆகல. வயசு நாப்பத்தஞ்சு தாண்டிடுச்சு, விடுங்க. அந்தக் கடுப்பு தீரத்தான் மலைக்குப் போறது. நானு, முரளி, பாபு, மூணு பேர். முரளி என்கூட ஸ்கூல்ல படிச்சவன், நந்தனத்துல ஆபீஸ் வேலை. பாபு ரொம்பப் பின்னால வந்து சேந்தவன், தி.நகர்ல செல்போன் கடை. மழை விட்டதும் பாபு கார்ல கெளம்பிடுவோம், கொல்லிமலை, ஏலகிரி, எங்கயாச்சும். மாலை, நகை, மேக்கப், மனுஷன் மூஞ்சி எதுவும் இல்லாம ஒரு படம் எடுக்கணும், அவ்ளோதான் என் ஆசை.

அந்தத் தடவை ஜவ்வாது மலை. விடியறதுக்கு முன்னாடியே பாறை உச்சியில நிக்கணும், அப்பதான் பள்ளத்துல மேகம் படுத்துக் கெடக்கறது கெடைக்கும். போற வழியில வளைவுக்கு வளைவு முரளிக்கு வாந்தி. "நீ போய் எடத்தைப் புடி மச்சி, இவன் கொஞ்சம் தேறட்டும், பின்னாலயே வந்துர்றோம்"னான் பாபு. ரெண்டு பேரையும் கீழ கார்லயே விட்டுட்டு நான் மட்டும் ஏறினேன்.

மேல கும்மிருட்டு. குளிர்ல விரலே மடங்கல. டிரைபாடை நிறுத்தி, இருட்டுல படம் விழ நேரம் புடிக்கும்னு ஷட்டரைத் தொறந்து வெச்சுட்டு நிக்கறேன். எங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு, ஒருத்தன் ஷட்டர் தொறந்து வெச்சிருந்தா பக்கத்துல வர்றவன் டார்ச் அடிக்கக் கூடாது, அடிச்சா படம் காலி. அதனால யாரோ தட்டுத்தடுமாறி ஏறி வந்து, எனக்கு வலது பக்கம் டிரைபாட் காலை இழுத்து விரிக்கற சத்தம் கேட்டப்ப நான் திரும்பிக்கூடப் பாக்கல. "வாந்தி நின்னுச்சா?"ன்னேன். "ம்"னான். முரளிதான். சின்ன வயசுலேர்ந்து கேக்கற குரல் சார், எனக்குத் தப்புமா?

அப்புறம் அவனாவே ஆரம்பிச்சான். "கோட்டூர்புரம் சுதா ஞாபகம் இருக்கா மச்சி?"

இல்லாமயா? எனக்குப் பாத்த பொண்ணு சார். ரெண்டு வீட்டுக்கும் புடிச்சு, தேதி பாக்கற வரைக்கும் வந்து, திடீர்னு ஜாதகம் சரியில்லன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு எடமும் அமையல, எனக்கும் மனசு ஒட்டல. எங்கம்மா அந்த ஏக்கத்துலயே போய்ச் சேந்தாங்க.

"உன்னைப் பத்தி விசாரிக்க அவங்கப்பா என்கிட்டதான் வந்தாரு. நீ தெனம் குடிப்பேன்னு சொல்லிட்டேன்"னான். நான் ஒரு சொட்டு தொட்டதில்ல சார். ஏன்டான்னு நான் கேக்கறதுக்குள்ள அவனே சொன்னான். "நீ கல்யாணம் பண்ணிக்கினு போயிட்டா, அப்புறம் மலைக்கு என்கூட யார்டா வருவா?"

அவ்ளோதான் காரணம். மலைக்குத் தொணைக்கு ஆள் வேணுமாம்.

வெளிச்சம் லேசா வந்ததும் திரும்பினேன். யாருமே இல்ல. டிரைபாடும் இல்ல. பாறை மேல ஈரப் பாசியில என் ஷூ தடம் மட்டும்தான் இருக்கு. படமா? என் வாழ்க்கையிலயே நல்ல படம் அன்னிக்கு விழுந்ததுதான், இதுவரைக்கும் யாருக்கும் காட்டல.

விழுந்தடிச்சு எறங்கி வந்தேன். முரளி கார்ல பின் சீட்டுல போர்வையைப் போத்திக்கிட்டு சுருண்டு கெடக்கறான், கண்ணு செவந்திருக்கு. "இவன் மேல வந்தானா?"ன்னேன். "இவன் எங்க ஏறுவான் மச்சி, கதவைக்கூடத் தொறக்கல"ன்னான் பாபு. நான் முரளியைப் பாத்து, "சுதா அப்பாகிட்ட இன்னாடா சொன்ன?"ன்னேன். மூஞ்சி வெளிறிப் போச்சு. இல்லேன்னு சொல்லல. "யார் சொன்னா உனக்கு?"ன்னான். "நீதான், இப்ப, மேல"ன்னேன். போர்வையை இழுத்துத் தலையோட மூடிக்கிட்டான். சென்னை வந்து அவன் வீட்டு வாசல்ல எறங்கினவன்தான், அதோட எங்க பழக்கம் விட்டுப் போச்சு.

பேய்னா பயமுறுத்தட்டும், கழுத்தை நெரிக்கட்டும். அது எதுக்கு சார் உண்மையை வந்து சொல்லணும்? தெரியாமயே நான் செத்திருப்பேனே. பொண்ணும் போச்சு, கெடுத்தவனும் போயிட்டான். எனக்குன்னு மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தான், அவனையாவது விட்டு வெச்சிருக்கலாம்.

இதோட முடிஞ்சிருந்தா, ஏதோ தூக்கக் கலக்கம்னு நானே தேத்திக்கிட்டிருப்பேன். போன மாசம் பாபு கடைக்குப் போனேன். பேச்சு முரளி பக்கம் வந்துச்சு, எனக்கு ஆத்திரம் வந்து கத்திட்டேன்.

"அவனை மட்டும் இன்னாத்துக்குத் திட்டிக்கினு கீற? நீ யோக்கியமா?"ன்னான் பாபு.

"நான் இன்னா பண்ணேன்?"

"அன்னிக்கு இருட்டுல நீ காராண்ட எறங்கி வந்து, கண்ணாடியைத் தட்டி அவன்கிட்ட சொன்னியே. நான் முன் சீட்டுல தூங்கறேன்னு நெனச்சுட்ட. எல்லாம் என் காதுல வுழுந்துச்சு. நீ மறுபடி மேல போனதும் அவன் அழுத அழுகை கீதே..."

நான் அந்தப் பாறையை விட்டு அசையல சார், நம்புனா நம்புங்க. "அப்படி இன்னா சொன்னேன்?"னு கேட்டேன். சொன்னான்.

அது என்னன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. முரளி வீட்டுல நான் பண்ணின ஒரு விஷயம். எங்கம்மாவுக்குத் தெரியாது, கோயில்லகூட வாய் விட்டுச் சொன்னதில்ல. எனக்கு மட்டுமே தெரிஞ்ச ஒண்ணு, என் குரல்லயே போய் அவன்கிட்ட சொல்லப்பட்டிருக்கு, அத்தனையும் உண்மை.

"பொய்டா"ன்னு சிரிச்சேன். பாபு சிரிக்கல. முரளியாவது அன்னிக்கு இல்லேன்னு சொல்லல.