ஆளில்லாத படத்துக்கு ஒரு சுவர்

ஊரில் சும்மா இருக்கிற அத்தனை பேரையும் அரை மணி நேரத்தில் ஓரிடத்தில் கூட்டிவிடக்கூடிய தொழில் ஒன்று உண்டென்றால், அது வெளியில் நின்று படம் கீறுவதுதான். இதில் அகப்பட்டுக்கொண்ட அன்பர்கள் யாரேனும் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள் என்று தெரியும்.

நாங்கள் மூன்று பேர். கல்முனையில் கந்தோர் ஒன்றில் கோப்புக் கட்டி அவிழ்க்கிற நான். பெயர்ப்பலகை எழுதுகிற அன்சார். பாண்டிருப்பிலிருந்து வரும் கணித ஆசிரியர் சிவலிங்கம் மாஸ்டர். சனிக்கிழமை விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு நானும் அன்சாரும் மோட்டார் சைக்கிளில் கிளம்புவோம். மாஸ்டர் சந்தியில் வந்து சேர்ந்துகொள்வார். எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். நான் வரைந்த ஒரு படமாவது யாராவது ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டும். முதல் நான்கு வருடம் அது நடக்கவில்லை, என் வீட்டிலும்கூட.

மூன்று கால் தாங்கி

கடற்கரை வீதியில் ஒரு காலை, படம் வைக்கிற தாங்கிகளை விரித்துக்கொண்டு நின்றோம். மூன்று கால் உள்ள எதைக் கண்டாலும் எங்கள் சனத்துக்கு நில அளவைதான் ஞாபகம் வரும். போதாக்குறைக்கு மாஸ்டர் ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டிப் பிடித்து, எதிர்வீட்டு மதிலை அளந்துகொண்டிருந்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, அளக்காமல் ஒரு கோடு போடமாட்டார்.

ஐந்து நிமிடத்தில் அந்த வீட்டுக்காரப் பெண், ராத்தா ஒருவர், பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதிப் பத்திரத்தோடு வெளியே வந்தார். வீதியை அகலமாக்க வந்திருக்கிறோம் என்று முடிவே செய்துவிட்டார். மதில் தன் காணிக்குள்தான் நிற்கிறது என்று மாஸ்டரிடம் அல்லாஹ் மேல் ஆணையிட்டுச் சொன்னார். படத்தைத் திருப்பிக் காட்டி, இது வெறும் படம்தான் என்று புரியவைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ராத்தாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், படமா கீறுறீங்க? அப்ப தம்பி, அந்த மதிலக் கொஞ்சம் றோட்டுப் பக்கமாத் தள்ளிப் போட்டுக் கீறுங்களே."

அலுமாரிக்கு மேலே

உயிருள்ளதைக் கீறின படம் வீட்டுக்குள் தொங்கக் கூடாது என்பது என் மனைவி சரீனாவின் சட்டம். மார்க்க விஷயம், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆகவே என் படங்களில் மனிதர் இல்லை, மாடு இல்லை, ஒரு காகம்கூட இல்லை. அப்படியே சந்தைத் தெருவை ஆளே இல்லாமல் வரைந்து முடித்து, சுத்தியலும் ஆணியுமாக வீட்டு ஹோலுக்குள் நுழைந்தேன். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட படம், இனி யார் தடுப்பது என்று நினைப்பு.

சரீனா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒரு மனிசரும் இல்லாத சந்தையப் பாக்க எனக்குப் பயமாக்கிடக்கு. அலுமாரிக்கு மேல வைங்க."

கரைவலை

சாய்ந்தமருதுக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிறு, முப்பது பேர். நான் வழக்கம்போல ஆட்களை விட்டுவிட்டு மீதியை வரைந்தேன். அலை, கயிறு, கரையேறும் வலை. வலைக்குள் மீன் துள்ளியது. மீனும் உயிர்தானே, அதையும் விட்டேன்.

இழுத்து முடித்து, உள்ளங்கையை ஊதிக்கொண்டே வந்த ஒருவர் என் படத்தை வெகு நேரம் பார்த்தார். பின்னால் வந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கோ உள்ளூரப் பெருமை. ரசிகர் கிடைத்துவிட்டார் என்று தூரிகையை ஸ்டைலாகப் பிடித்துக்கொண்டேன்.

"நாங்க முப்பது பேர் கை கிழிய இழுக்குறம், உங்கட வலை தானா வருகுது. இது எங்க விக்கிற எண்டு சொல்லுங்க சேர், நாங்களும் ஒண்டு வாங்குவம்."

நாலு விரல் இடம்

அன்சார் வேகக்காரன். நாங்கள் வானம் பூசி முடிப்பதற்குள் அவன் கடல், தோணி, தென்னை எல்லாம் முடித்துவிட்டுக் கை துடைப்பான். ஆனால் எந்தப் படமானாலும் அடியில் நாலு விரல் அகலத்துக்கு ஒன்றும் பூசாமல் விட்டுவிடுவான். இருபது வருடம் பெயர்ப்பலகை எழுதிய கை, போன் நம்பர் வருகிற இடத்தில் தானாக நின்றுவிடும். "கீழயும் பூசுடா" என்று ஒவ்வொரு முறையும் நான்தான் சொல்வேன். திருக்கோவில் கடற்கரையில் அன்று சொல்ல மறந்துவிட்டேன்.

எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்த கடைக்காரர் அந்த வெற்றிடத்தைக் கண்டார். தன் கடைப் பேரை எழுதத்தான் விட்டிருக்கிறது என்று நினைத்து, மகிழ்ந்து, எழுதச் சொன்னார். அன்சாரும் எழுதினான். பத்து நிமிடத்தில் படம் கடைச் சுவரில் ஏறிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். என் படத்தை மெதுவாக அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பார்க்காதவன்போல் தேநீர் குடித்தேன்.

"உங்கடயும் நல்லாத்தான் இருக்கு ஐயா. பேர் எழுத இடம் விடல்லையே."

இறக்காமத்து வயல்

போன மாரிப் போகத்தில் இறக்காமம் போனோம். கலந்தர் காக்கா என்ற விவசாயி தன் வயல் வாடிக் குடிசையில் நிழல் தந்தார். அறுவடைக்கு ஒரு கிழமை இருக்கும்போது யானைகள் இறங்கி, இரண்டு ஏக்கரையும் மிதித்துப் போட்டிருந்தன. மாஸ்டர் யானையின் கால் தடங்களை எண்ணி, எண்ணிக்கை குறையாமல் வரைந்தார். அன்சார் யானையையே பெரிதாகப் போட்டு, கீழே நாலு விரல் விட்டான்.

யானையும் உயிர்தானே, எனக்கு ஆகாது. அந்தச் சேற்றை வரையவும் கை வரவில்லை. வரம்பில் குந்தியிருந்த கலந்தர் காக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி வரைவது? போன கிழமை எப்படி இருந்திருக்குமோ அப்படியே, கதிர் சாய்ந்து, மஞ்சளாக, வரம்பு முட்ட விளைந்த வயலை வரைந்துவிட்டேன்.

முடியும்போது காக்கா பின்னால் வந்து நின்றார். வாழ்வாதாரமே போய்க் கிடக்கிற மனிதரைக் கேலி செய்வதுபோல் ஆகிவிட்டதே என்று, "காக்கா, பிழையா நினைக்காதீங்க, அழிச்சிர்றன்" என்று துணியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தோளில் கிடந்த சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈரம் காயாத பலகையைத் தாங்கியிலிருந்து தானே கழற்றி எடுத்தார்.

"இந்தப் போகத்துல ஆனை மிதிக்காத என்ட வயல் இது ஒண்டுதான் சேர். தாங்க, ஊட்டுல மாட்டுவம்."

ஆகவே அன்பர்களே, உள்ளதை உள்ளபடி வரையத் தெரியாதவனுக்கும் இந்த அம்பாறைப் பக்கம் ஒரு சுவர் கிடைக்கும், ஆனால் அதற்கு முன் ஊரில் எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.